பன்னிரண்டு கூட்டங்களின் குறிப்பு

சுரங்கமோ அனல் மின் நிலையமோ, எந்தத் திட்டம் பற்றிப் பேச்சு வந்தாலும் தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் தவறாமல் சொல்வார்: "இதெல்லாம் நிபுணர்கள் முடிவு செய்ய வேண்டியது சார். ஊரைக் கூட்டிக் கேட்டால் கூச்சல்தான் மிஞ்சும்." அறிவியல் தெரியாத மக்கள், பின்னால் நின்று தூண்டிவிடும் யாரோ சிலர், ஒரு முடிவுக்கும் வராத கூட்டம் என்று காரணங்களையும் அடுக்குவார். இப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையாவது முழுக்கப் படித்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

கூட்டம் முடிவுக்கு வராது என்பதையே முதலில் பார்ப்போம். ஒடிசாவின் நியம்கிரி மலை உச்சியில் பாக்சைட் இருக்கிறது. அடிவாரத்தில், லாஞ்சிகரில், வேதாந்தாவின் அலுமினா ஆலை இருக்கிறது. மலையில் வாழும் டோங்ரியா கோந்த் மக்களுக்கோ அந்த உச்சி நியமராஜா என்ற தெய்வத்தின் இருப்பிடம். சுரங்கம் தோண்டினால் தங்கள் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையிலும் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது. அதில் இஜுருபா என்ற ஊரில் இருந்தது ஒரே ஒரு குடும்பம். அதுவும் பழங்குடிக் குடும்பம் அல்ல. அரசு போட்ட கணக்கு என்னவென்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஜூலை 18-இல் தொடங்கி ஆகஸ்ட் 19 வரை, மழைக்காலத்தில், ஊர் ஊராகச் சபை கூடியது. பன்னிரண்டு ஊர்களும் வேண்டாம் என்றன, இஜுருபா உட்பட. நம் சட்டமன்றங்களில்கூட இவ்வளவு தெளிவான முடிவைப் பார்ப்பது அபூர்வம்.

யாரோ தூண்டிவிட்டார்கள் என்ற பேச்சு நியம்கிரியிலும் எழுந்தது. எழும் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக வர வேண்டும். கூட்டம் சுதந்திரமாக நடந்தது, நிறுவனத்தின் தலையீடோ மத்திய, மாநில அரசுகளின் தலையீடோ இல்லை என்று சான்றளித்து அவரே நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்திட வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதிவைத்தது. யாருடைய தலையீட்டுக்கு நீதிமன்றம் அஞ்சியது என்பது அந்த வாசகத்திலேயே தெரிகிறது. மாநிலத்தின் சுரங்கக் கழகம் 2016-இல் மறுபடியும் கிராம சபையைக் கூட்டக் கேட்டு வந்தபோது நீதிமன்றம் மறுத்துவிட்டது. வெறும் கூச்சலாக இருந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். குறிப்பில் ஏறியதால் நின்றது.

அறிவியலுக்கு வருவோம். இதே மலை பற்றி, உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு 2005-இல் சுரங்கம் வேண்டாம் என்றது. 2008-இல் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த என்.சி. சக்சேனா குழு மீண்டும் வேண்டாம் என்றது. ஐந்து வருஷத்தில் மேலிடத்து முடிவு இரண்டு முறை புரண்டிருக்கிறது. நிபுணர்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சக்சேனா குழுவின் அறிக்கை இல்லாமல் 2013 தீர்ப்புக்கு வழி பிறந்திருக்காது. ஆனால் ஓடை எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவில் சாமை விளையும் என்பதும் தகவல்தான். அதைச் சொல்லக்கூடியவர் மலையில்தான் இருக்கிறார். (2008-இல் அனுமதி பெற்ற, வேதாந்தா குழுமத்து நிறுவனத்தின் பெயர் ஸ்டெர்லைட். அந்தப் பெயரை நமக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் தூத்துக்குடி ஆலையின் விரிவாக்கத்துக்கு மக்களிடம் கருத்துக் கேளுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது 2018 மே 23 அன்று. ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது மே 22.)

எதிர்த்தரப்பு சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கும் இடமும் உண்டு. நம் ஊர்க் கிராம சபையில் தீர்மான நோட்டு கூட்டம் முடிந்த பிறகு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவதை யாரும் மறுக்க முடியாது. கூட்டத்தில் பேசுபவர் நாலு பேர், அவர்களும் ஊரின் பெரிய வீட்டுக்காரர்கள் என்பதும் உண்டு. ஆனால் இதற்கு மருந்து கூட்டத்தை ஒழிப்பதா, குறிப்பை ஒழுங்காக எழுதுவதா? வன உரிமைச் சட்ட விதிகளின்படி கிராம சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்கு நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கோ, 2006 அறிவிக்கையின்படி, குறைந்தபட்ச வருகை என்ற ஒன்றே கிடையாது. வெறும் நாற்காலிகளை வைத்தும் தொடங்கலாம். முதல் வகைக் கூட்டத்தில் ஊர் முடிவெடுக்கிறது. இரண்டாம் வகையில் கருத்து மட்டும் சொல்கிறது, முடிவு வேறெங்கோ. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, மக்களுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்பது என்ன நியாயம்?

அதே அறிவிக்கையில் ஒரு நல்ல விதியும் இருக்கிறது. பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில், வந்தவர்கள் முன்னால், அவர்கள் மொழியிலேயே வாசித்து விளக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படி வாசித்ததைக் கேட்டேன். மணி மூன்றாகியிருந்தது. காலையில் வரிசையில் நின்று பேசியவர்கள் பெரும்பாலும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, மேடையில் இருந்தவர்களிடம் நீட்டிக் குடிக்கச் சொன்ன அம்மா மட்டும் முன்வரிசையில் இருந்தார். "நிலத்தடி நீர் தொடர்பாகக் கருத்து தெரிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. அந்த அம்மா பக்கத்தில் இருந்த என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, நான் சொன்னதை எப்ப வாசிப்பாங்க?"