வாடிவாசலில் 96 காளை

அலங்காநல்லூர்த் தம்பி ஒருவர் கேட்கிறார்: ‘அண்ணே, அப்பா ஒரு துண்டு நிலத்தை விக்கச் சம்மதிச்சுட்டாரு. கேம் ஆடணும், கூடவே நாலு வேலையும் பாக்கணும். ஒர்க்ஸ்டேஷன் பிராஸஸரே வாங்கிரவா?’

அவசரப்படாதீங்க தம்பி! 2023-ல் வந்த இரண்டு ஏஎம்டி சில்லுகளைப் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரைஸன் 7 7800எக்ஸ்3டி: 8 கோர், அறிமுக விலை 449 டாலர். ஒர்க்ஸ்டேஷனுக்கான த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸ்: 96 கோர், 9,999 டாலர். ஆனால் கேம் என்று வந்தால் பெரும்பாலும் ஜெயிப்பது சின்னவன்தான்!

காரணம் உங்க ஊரிலேயே இருக்கிறது. பின்னால் எத்தனை காளை நின்றாலும் வாடிவாசலில் ஒவ்வொன்றாகத்தானே வரணும்? கேமிலும் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர் வழியாகத்தான் போகும். மற்றதெல்லாம் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். சின்னவனின் 8 கோருக்கும் பக்கத்திலேயே 96 எம்பி கேஷ் வேறு. பெரியவனில் எட்டு எட்டுக்கு 32 எம்பிதான்.

பாட்டு, பிரவுசர், எக்ஸெல் எல்லாம் சேர்ந்து ஓட 8 கோரே தாராளம். திணறினால் முதலில் ராம் போதுமா பாருங்கள். சினிமா கிராஃபிக்ஸ், என்ஜினீயரிங் கணக்கு மாதிரி வேலையைப் பங்கு பிரித்துக் கொடுக்க முடிந்தால்தான் 96 காளைக்கும் சோறு போடலாம்.

இன்னொன்று: சின்னவன் 120 வாட், பெரியவன் 350. உங்க ஊரில் மாடு பிடித்து ஜெயித்தால் கார் தருகிறார்கள். கேமில் ஜெயித்தால் வருவது கரண்ட் பில்தான்!