ஊர்வாயும் தேடுபொறியும்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள் நம் முன்னோர். அந்த ஊர்வாய் சந்தையிலும் கோயில் வீதியிலும் கிணற்றடியிலும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பேசப்பட்டவருக்கு ஒரு வசதி இருந்தது. யார் பேசினார், என்ன பேசினார் என்பது இரண்டொரு நாளில் எப்படியும் அவர் காதுக்கு வந்துவிடும். பேசியவரைச் சந்தியில் மறித்து நியாயம் கேட்கவும் முடியும். சில மாதங்கள் கழிந்தால் ஊர் வேறொரு கதைக்குப் போய்விடும்.

இன்று அந்த ஊர்வாய் இணையத்துக்கு இடம் மாறியிருக்கிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து எழுதப்படும் ஒரு வரி, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாழும் ஒருவரைப் பற்றியதாக இருக்கலாம். அவர் அதனை அறியாமலேயே ஆண்டுகள் கழியலாம். ஆனால், அவருக்கு வேலை கொடுக்க எண்ணுபவரும், அவர் வீட்டில் சம்பந்தம் பேச நினைப்பவரும் அவரது பெயரைத் தேடுபொறியில் இட்டு அந்த வரியை எப்போதோ வாசித்து முடித்திருப்பார்கள். வாசித்ததைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார்கள். கதவு மட்டும் மெல்லச் சாத்தப்பட்டிருக்கும்.

எனவே, இணையத்தில் தமது பெயர் எங்கெங்கே அடிபடுகிறது என்று ஒருவர் கவனித்து வருவதைத் தற்பெருமை என்று எள்ளி நகையாடுவது பொருந்தாது. அது ஒரு தற்காப்பு. ஆயினும், அறிந்துகொண்ட பின்னர் என்ன செய்வது என்பதில்தான் நம்மவர் பலர் தடுமாறுகிறார்கள் என்பது எனது எண்ணம்.

தம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று அறியும் ஆவல் கணினியோடு பிறந்ததன்று. 1879ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்ட 'ஆர்கஸ் டி லா பிரெஸ்' என்ற நிறுவனம் பத்திரிகைகளை வாசித்து, வாடிக்கையாளரின் பெயர் வரும் பகுதிகளை வெட்டி அனுப்புவதையே தொழிலாகக் கொண்டது. அமெரிக்காவில் 1888இல் பரல்ஸ் நிறுவனம் இதே தொழிலில் இறங்கியது. நாள் முழுவதும் கத்தரிக்கோலும் பசையுமாக இருந்து வேலை செய்த வாசகர்களை இந்நிறுவனங்கள் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தன. நமது பத்திரிகை அலுவலகங்களிலும் செய்தி நறுக்குகளைக் கோப்புகளில் ஒட்டிப் பேணும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் கத்தரிக்கோலின் வேலையை 2003ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் ஒரு தானியங்கிச் சேவையாக ஆக்கி, கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்துவிட்டது. 'கூகிள் அலேர்ட்ஸ்' எனப்படும் அச்சேவையை உருவாக்கியவர் நாகா கதாரு என்னும் ஆந்திர மாநிலத்தவரான பொறியியலாளர்.

அரசியல்வாதிகளும் நடிகர்களும் பணம் கொடுத்துப் பெற்ற வசதி இவ்வாறு சாதாரண மனிதனின் கைக்கு வந்தது. அது ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கு, நமது தொழிலைச் சேர்ந்த ஒருவருக்கு நேர்ந்ததையே சான்றாகக் கூறலாம். ஜோன் சைகன்தாலர் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர். ரொபர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். 2005ஆம் ஆண்டு மே மாதம், விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய பக்கமொன்றில், கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலைகளிலும் அவருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என யாரோ எழுதிவைத்தார்கள். தமது சக ஊழியர் ஒருவரை ஏமாற்றிப் பார்ப்பதற்காக ஒருவர் செய்த விளையாட்டு அது. அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது. ஒரு நண்பர் கண்டு சொன்ன பிறகே சைகன்தாலர் அதனை அறிந்தார். அப்போது அவருக்கு வயது 78. 'யூஎஸ்ஏ ருடே' பத்திரிகையின் ஆரம்பகால ஆசிரியபீடத் தலைவர்களுள் ஒருவராக இருந்த அவர், அதே பத்திரிகையில் அந்த ஆண்டு நவம்பரில் கட்டுரை எழுதித் தம் பக்க நியாயத்தை உலகறியச் செய்தார். அடுத்த மாதமே, பதிவு செய்யாதவர்கள் புதிய கட்டுரைகளைத் தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா தடைசெய்தது. சைகன்தாலருக்கு எழுதுவதற்கு ஒரு தேசியப் பத்திரிகை இருந்தது. வவுனியாவில் உள்ள ஓர் ஆசிரியைக்கோ மன்னாரில் உள்ள ஒரு கூட்டுறவுச் சங்க முகாமையாளருக்கோ அது இல்லை. அதனால்தான் அவர்கள் நான்கு மாதங்கள் தாமதிக்க முடியாது.

சேவையைப் பயன்படுத்தும் முறை எளிது. தேட வேண்டிய சொற்களையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்துவிட்டால், அச்சொற்கள் புதிதாக எங்கேனும் தேடுபொறியின் கண்ணில் பட்டதும் மடல் வந்து சேரும். உடனுக்குடனா, நாளுக்கு ஒரு முறையா, வாரத்துக்கு ஒரு முறையா என்பதை நாமே தீர்மானிக்கலாம். பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அந்தச் சொற்றொடர் முழுமையாக உள்ள பக்கங்களே பெரிதும் வரும். அதே பெயர் கொண்ட வேறொருவர் பிரபலமானவராக இருந்தால், அவரோடு சேர்ந்து வரும் சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறியிட்டு அவரை விலக்கலாம். பெயரோடு ஊரையோ தொழிலையோ பாடசாலையையோ சேர்த்துத் தனியொரு அறிவிப்பை அமைப்பதும் பயன் தரும்.

ஆனால், இக்கருவி ஆங்கிலப் பெயர்களை மனத்திற்கொண்டு பிறந்தது. தமிழருக்கு அது பாதிக் கண்ணால்தான் பார்க்கிறது. செல்வராசா என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ராஜா என்று எழுதுபவர் உண்டு. ராசா என்று எழுதுபவர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது ஈற்றில் ஓர் எழுத்தைக் கூட்டுபவரும் குறைப்பவரும் உண்டு. தந்தையார் பெயர் கடவுச்சீட்டில் ஓரிடத்திலும் வெளிநாட்டு அடையாள அட்டையில் வேறோரிடத்திலும் நிற்கும். தமிழிலோ வேற்றுமை உருபுகள் வேறு வந்து ஒட்டிக்கொள்கின்றன. செல்வராசாவை, செல்வராசாவுக்கு, செல்வராசாவின் என்பவை நமக்கு ஒரே மனிதர். மேற்கோள் குறிகளுக்குள் சொல்லை அப்படியே தேடும் இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஆகவே, ஒருவர் தமக்கென ஓர் அறிவிப்பை மட்டும் அமைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. நான்கைந்து வடிவங்களையாவது பதிந்துவைக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. ஒருங்குறி பரவலாகு முன்னர், ஈழத்தமிழர் இணையத்தளங்கள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே எழுதப்பட்டன. திரையில் தமிழாகத் தோன்றும் அந்தப் பக்கங்கள் கணினியின் பார்வையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையே. பத்திரிகைகளின் மின்னிதழ்கள் பலவும் படங்களாகவே ஏற்றப்படுகின்றன. வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றும் குரற்பதிவுகளையும், யூடியூப்பில் இரண்டு மணிநேரம் நீளும் வசைகளையும், முகநூலின் மூடிய குழுக்களில் நடக்கும் விசாரணைகளையும் எந்த அறிவிப்பும் நமக்குக் கொண்டுவந்து தருவதில்லை. எனவே, மடல் எதுவும் வரவில்லை என்பதற்காக எவரும் எதுவும் எழுதவில்லை என்று பொருள்கொள்ளலாகாது. மாதமொரு முறை நாமே தேடிப் பார்ப்பதும், உண்மையைச் சொல்லக்கூடிய நான்கு நண்பர்களை வைத்திருப்பதும் இன்றைக்கும் அவசியமாகவே இருக்கின்றன.

இனி, அறிந்த பின்னர் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் எழும் உணர்ச்சி, அதனை அழித்துவிட வேண்டும் என்பதே. பாடகி பார்பரா ஸ்ரைசாண்ட் அப்படித்தான் எண்ணினார். கலிபோர்னியக் கடற்கரையின் மண்ணரிப்பைப் பதிவு செய்வதற்காக எடுக்கப்பட்ட பல்லாயிரம் வான்படங்களில் ஒன்றில் தமது வீடு தெரிவதாக 2003ஆம் ஆண்டில் ஐந்து கோடி டொலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். வழக்குக்கு முன்னர் அப்படத்தைத் தரவிறக்கியவர்கள் வெறும் ஆறு பேர். அவர்களுள் இருவர் அவருடைய சட்டத்தரணிகள். வழக்குச் செய்தி பரவிய ஒரு மாதத்தில் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர். வழக்கிலும் அவர் தோற்றார். மறைக்க முனைவதாலேயே ஒன்று பரவுவதற்கு அவரது பெயரே இன்று நிலைத்துவிட்டது.

ஸ்பெயின் நாட்டவரான மரியோ கொஸ்தேகாவின் கதை இதனிலும் நுட்பமானது. சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக அவரது சொத்து ஏலத்துக்கு வந்தது பற்றி 1998ஆம் ஆண்டில் 'லா வாங்குவார்தியா' பத்திரிகையில் வெளியான சட்ட அறிவித்தல், கடன் தீர்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் அவரது பெயரைத் தேடினால் முன்னால் வந்து நின்றது. 2014ஆம் ஆண்டு மே 13ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. காலங்கடந்து பொருத்தமிழந்த தகவலை, ஒருவரது பெயரைத் தேடும்போது வரும் முடிவுகளிலிருந்து நீக்குமாறு தேடுபொறியிடம் கோரலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பொதுவாழ்வில் இருப்பவர் விடயத்தில் மக்களின் அறியும் நலனே மேலோங்கலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. பத்திரிகையின் பக்கம் அப்படியே இருந்தது என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் விளைவைப் பாருங்கள். எந்தக் கடனை உலகம் மறக்க வேண்டும் என்று அவர் போராடினாரோ, அந்தக் கடனை இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள்.

புலம்பெயர்ந்த நம்மவர்க்கு இத்தீர்ப்பினால் பயனுண்டு. பாரிஸிலோ பேர்லினிலோ வாழ்பவர் இந்த உரிமையைக் கோரலாம். எனினும், இந்நீக்கத்தை உலகம் முழுவதற்கும் விரிக்குமாறு ஐரோப்பியச் சட்டம் தேடுபொறியைக் கட்டாயப்படுத்தவில்லை என்று அதே நீதிமன்றம் 2019இல் தெளிவுபடுத்தியது. பாரிஸில் மறைந்த வரி கொழும்பில் தெரிந்துகொண்டிருக்கும். நமது உறவுகளும் பகைகளும் இரு புறமும் இருக்கின்றன என்பதை அந்த நீதியரசர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

இங்கே நான் ஒரு கருத்தை வலியுறுத்த விரும்புகிறேன். மறக்கப்படும் உரிமை பெரிது என்றால், நினைவுகூரும் உரிமை எமக்கு அதனிலும் பெரிது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களைத் தீக்கு இரையாகக் கொடுத்த சமூகம் இது. எஞ்சியதை 2005 முதல் 'நூலகம்' திட்டத்தினர் பக்கம் பக்கமாக மின்வருடிச் சேர்த்து வருகிறார்கள். அப்படியொரு சமூகம், தனக்குச் சங்கடமான ஒவ்வொரு பக்கத்தையும் நீக்கும்படி கேட்கத் தொடங்கினால், முதலில் அந்த வாயிலால் நுழைபவர்கள் பாதிக்கப்பட்ட எளியவர்களாக இருக்க மாட்டார்கள். பொறுப்புக் கூற வேண்டியவர்களே முன்னால் நிற்பார்கள். குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2002இல் நீக்கிய இந்த நாட்டில், 2024 ஜனவரியில் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தைப் பதம்பார்க்கும் என்று ஊடக அமைப்புகள் எதிர்த்ததும் இந்த அச்சத்தினாலேயே. பொய்யைத் தடுப்பதற்கென்று கட்டும் வேலி உண்மையையும் மறித்துவிடக் கூடாது.

அப்படியானால் எளியவருக்கு என்ன வழி? அழித்தலை விடத் திருத்துதலே நல்வழி என்பேன். எழுதியவருக்கு ஆதாரங்களோடு அமைதியாக ஒரு மடல் எழுதுங்கள். திகதியோடு பக்கத்தைப் படமாகச் சேமித்துவையுங்கள். பத்திரிகையானால் பதிலளிக்கும் உரிமையைக் கோருங்கள். 2003இல் அமைக்கப்பட்ட இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இதற்கென்றே இருக்கிறது. உங்கள் பெயரில், உங்கள் வாழ்வையும் பணியையும் பற்றிய உண்மையான குறிப்பு ஒன்று இணையத்தில் இருக்கும்படி செய்யுங்கள். வெற்றிடத்தைத்தான் வதந்தி நிரப்புகிறது. முகம் காட்டாதவரோடு வசைக்கு வசை பேசுவதை மட்டும் தவிருங்கள். அது அவருடைய பக்கத்தைத் தேடலில் மேலும் முன்னுக்குத் தள்ளிவிடும்.

இவ்வளவையும் பாதிக்கப்பட்டவரின் தலையிலேயே கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. 1979ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். கைதானபோது பெயரும் ஊரும் வயதும் முன்பக்கத்தில் வந்தன. விடுதலையானபோது, வந்திருந்தால், உட்பக்கத்தில் நான்கு வரி வந்தது. அச்சுக் காலத்தில் அந்த முன்பக்கம் மறுவாரமே கடலைச் சரையாகிப் போயிற்று. இன்று அது தேடுபொறியின் முதல் வரியாக நின்று, அவருடைய பிள்ளைகளின் வயதையும் தாண்டி வாழப்போகிறது. பழைய செய்தியை அழிக்குமாறு நான் சொல்லவில்லை. கைது நடந்தது, அது வரலாறு. அந்தச் செய்தியின் தலைமாட்டிலேயே 'இவர் இன்ன ஆண்டில் விடுவிக்கப்பட்டார்' என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பணமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். நமது செய்தித்தளங்களின் ஆசிரியர்கள் தங்கள் பழைய கைதுச் செய்திகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாலே போதும்.

தம் பெயருக்கு அறிவிப்பு அமைப்பவர், தாம் குற்றஞ்சாட்டி எழுதியவர்களின் பெயர்களுக்கும் ஓர் அறிவிப்பை அமைத்து வைப்பாரானால், அவர்களது வழக்கு என்னவாயிற்று என்று அவருக்குத் தெரியவரும். எழுதுகிற எல்லோரும் இப்படிச் செய்யத் தொடங்கும் நாளில் ஊர்வாய்க்கு உலைமூடி தேவைப்படாது.