விடுதியான அரண்மனை

பழங்கட்டிடங்களுக்கு முதுமையில் நேரும் கதி இரண்டு. ஒன்று, பேணுவாரின்றி இடிந்து வௌவாலுக்கு உறையுளாதல். மற்றொன்று, புதுத்தொழில் ஒன்றை மேற்கொண்டு தம் செலவுக்குத் தாமே பொருள் தேடுதல். இவற்றுள் பின்னதை மேற்கொண்ட கட்டிடங்களுள் பெரும்புகழ் வாய்ந்தது, இராஜஸ்தானத்தைச் சேர்ந்த உதயப்பூர் நகரில், பிச்சோலா ஏரியின் நடுவே வெண்பளிங்கால் விளங்கும் ஜக நிவாஸ் அரண்மனை. மன்னர் வாழ்ந்த மாளிகை, பொருள் கொடுப்பார் யாவர்க்கும் தங்கும் விடுதியானது தகுமோ எனச் சிலர் வினவுகின்றனர். தகும் என்பதே எம் துணிபு. ஆயினும் அவ்விடுதிக்குத் தீர்க்க வேண்டிய கடன் ஒன்றுண்டு. அதனை ஈண்டு எடுத்துரைப்போம்.

மேவார் நாட்டு மகாராணா இரண்டாம் ஜகத்சிங், 1743-ஆம் ஆண்டில் தொடங்கி 1746-இல் இம்மாளிகையைக் கட்டி முடித்தார். ஏறக்குறைய 4 ஏக்கர் பரப்புள்ள தீவு முழுவதையும் இது நிறைத்து நிற்கின்றது. தம்மைக் கதிரவன் மரபினர் எனக் கருதிய அம்மன்னர் ஞாயிற்றை வணங்குதற்கேற்ப, இது கிழக்கு நோக்கி அமைந்தது. காலப்போக்கில் வெயிலும் ஈரமும் சுவர்களை அரித்தன. 1948-இல் மேவார் இராஜஸ்தான ஐக்கியத்தில் இணைந்தபின், நாட்டு வருவாயும் மன்னர் கையை விட்டு நீங்கியது. மகாராணா பகவத்சிங் இதனைச் செப்பனிட்டு விடுதியாக்கினார். 1963-இல் அது திறக்கப்பெற்றது. 1971-இல் தாஜ் நிறுவனத்தார் அதன் நிர்வாகத்தை ஏற்றனர். அரசர்க்குரிய மானியங்கள் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஒழிந்ததும் அதே ஆண்டில்தான்.

விடுதியாக்கியதனால் அரண்மனையின் மாண்பு குன்றிற்று என்பார், கூரை ஒழுகும் மாளிகைக்கு மாண்பு யாது எனச் சிந்தித்தல் வேண்டும். பளிங்கு செதுக்கவும், வண்ணக் கண்ணாடி பதிக்கவும் வல்ல கைவினைஞர்க்கு வேலையிருந்தாலன்றோ அக்கலைகள் நிலைக்கும்? பழமை பேசுவதால் ஒரு தூணும் நிமிராது. அதற்குப் பொருள் வேண்டும். அப்பொருளை விருந்தினர் தருவராயின் அதில் இழுக்கொன்றுமில்லை.

மற்றொரு தடை இதனினும் வலியது. 80-க்கு மேற்பட்ட அறைகளுள் ஒன்றில் ஓரிரவு தங்குதற்கும் எளியவரால் இயலாது. தங்குவோர்க்கன்றிப் பிறர்க்கு அதன் வாயில் எளிதில் திறப்பதுமில்லை. செல்வன் வாயிலில் கிடந்த லாசருவின் கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு, மூடிய வாயில் எதுவாயினும் நெஞ்சை உறுத்துவதே. கரையிலுள்ள பேரரண்மனையின் ஒரு பகுதி 1969 முதல் காட்சிச்சாலையாகி, சிறு கட்டணத்தில் மக்களை ஏற்கின்றது. அவ்வழியைத் தீவு மாளிகையும் ஓரளவேனும் பின்பற்றலாகாதா? ஆண்டில் சில நாட்களேனும் பள்ளிச் சிறார்க்குப் படகு விடுதல் அத்துணை அரிய செயலன்று.

அவ்வாறு கேட்கும் உரிமை ஊரார்க்கு எங்ஙனம் வந்தது எனின், ஏரியால் வந்தது. அம்மாளிகையின் அழகிற் பாதி நீரின் அழகு. அந்நீரைத் தேக்கியவரோ மன்னரல்லர். 14-ஆம் நூற்றாண்டில், இராணா லாகாவின் காலத்தில், தானியப் பொதி ஏற்றிச் சென்ற வணஜாரர் ஒருவர் இவ்வேரியை அமைத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. நகரைத் தோற்றுவித்த இரண்டாம் உதயசிங், பின்னர் 16-ஆம் நூற்றாண்டில் அதனை விரிவாக்கினார். இன்றும் அது நகர மக்களுக்குக் குடிநீர் தருவது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டு, நீர் மாளிகை சேற்றின் நடுவே நின்றதுமுண்டு. அந்நாளில் பளிங்கும் பட்டும் இருந்தும் பயன் என்னை? நீர்நிலை பெருக்குதலே அரசன் கடமை எனக் குடபுலவியனார் நெடுஞ்செழியற்குப் புறநானூற்றில் அறிவுறுத்தினார். அரசர் இடத்தில் விடுதி வந்தமையின், அக்கடமையும் உடன் வந்தது என்க.

ஆதலின், பழைய மாளிகைகளைப் புதுக்கி வாழ்விப்பவரைப் பாராட்டுவோம். அத்துடன், அவர் ஈட்டும் பொருளில் ஒரு பங்கு ஏரியில் கழிவுநீர் கலவாமற் காத்தற்கும், அதற்கு நீர் கொணரும் ஓடைகளைப் பேணுதற்கும் செல்லுமாறு வற்புறுத்துவோம். சுவரை மட்டும் புதுக்கி ஏரியை மறப்பது அரைகுறைத் திருப்பணியேயாகும்.