நாளேடும் நாட்டின் உடைமையே

நாடாளும் தலைவர் ஒருவர் எந்நேரம் எவரோடு உரையாடினார் என்பதை ஏட்டில் எழுதி வைப்பதனால் பயன் யாது எனச் சிலர் வினவுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு இதற்குத் தக்க விடை தருகின்றது.

அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் நாட்குறிப்பில், அவர் சந்தித்தோர், தொலைபேசியிற் பேசியோர், சென்ற இடங்கள் ஆகியன மணியும் நிமிடமும் காட்டி எழுதப்பெறும். 1972ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள், வாட்டர்கேட் என்னும் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துள் சிலர் களவாகப் புகுந்து பிடிபட்டனர். மூன்று நாள் கழித்துத் தலைவர் நிக்சன் தம் தலைமை அலுவலர் ஹால்டெமனோடு உரையாடினார். அவ்வுரையாடலின் ஒலிப்பதிவில் 18½ நிமிடம் அழிந்திருந்தமை பின்னர்த் தெரியவந்தது. பேச்சு அழிந்தது, ஆயினும் அவர்கள் சந்தித்த நேரம் நாட்குறிப்பில் அழியாது நின்றது. 1974இல் நிக்சன் பதவி துறந்தார்.

முன்னாளில் இத்தகைய ஆவணங்கள் தலைவரின் சொந்த உடைமையாகவே கருதப்பட்டன. 1978ஆம் ஆண்டுச் சட்டமோ, 1981 சனவரி 20 முதல் உண்டாகும் ஆவணங்களை நாட்டின் உடைமை ஆக்கிற்று.

தலைவரும் மனிதரே, அவருக்குத் தனிவாழ்வு வேண்டாவோ எனின், வேண்டும். முற்றிலும் சொந்தமான குறிப்புகளை அச்சட்டமும் விலக்கியே வைத்தது.

நாட்குறிப்பு உள்ளத்து எண்ணத்தை உரைக்காது. ஆளையும் நேரத்தையுமே உரைக்கும். அச்சிறு செய்தியே உண்மையை நாடுவார்க்கு வழிகாட்டும் விளக்காகும்.

மாணவர்களே! மக்கள் அளித்த பதவியிற் கழியும் பொழுது மக்களுக்கே உரியது. சிறு சங்கமொன்றின் செயலராயினும், பொதுப்பணி ஏற்போர் தம் செயலை அன்றன்றே உள்ளவாறு எழுதிவைத்தல் கடனாகும். கணக்குக் காட்ட அஞ்சாதவரே பதவிக்குத் தக்கார்.