நாலுவழிச் சாலையும் கட்டுமானப் பங்கும்

பரமக்குடியில் கையில் நாலு காசு சேர்ந்தால் அது மனைக்குத்தான் போகும். சிங்கப்பூர், துபாய்ப் பணமும் சரி, எமனேஸ்வரத்தில் தறி ஓட்டிச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் சரி, வழி அதுதான். இப்போது டிமேட் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள்: மனைக்குப் பதில் வீடு கட்டும் நிறுவனத்தின் பங்கை வாங்கினால் என்ன? வாங்கலாம். ஆனால், மனையில் செய்யும் தவற்றையே அங்கும் செய்துவிடக் கூடாது. ஊரறிந்த நல்ல செய்திக்குத் தனியாக விலை கொடுப்பதுதான் அந்தத் தவறு.

பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கி.மீ. நாலுவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது; மதிப்பீடு 1,853 கோடி ரூபாய். சீமைக்கருவேலத்தை அழித்து, கல் ஊன்றி, கலர்க் கொடி கட்டி மனை விற்பவருக்கும் இந்தச் சேதி தெரியும். அதைச் சேர்த்துத்தான் சென்ட் விலை சொல்கிறார். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என 5 லட்ச ரூபாய் மனைக்கு 45,000 ரூபாய் பத்திர அலுவலகத்திலேயே போய்விடும். (10 லட்சம் வரை பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் மிச்சம்.) விற்கும்போது வாங்குபவரும் இதே செலவைக் கணக்கிட்டுத்தான் விலை கேட்பார்.

பங்குச்சந்தையில் இந்தச் சாலையின் இடத்தில் இருப்பது வட்டி. ரிசர்வ் வங்கி 2025இல் ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.25க்கு இறக்கியது. வீட்டுக் கடன் மலிந்தது. ஆனாலும் கட்டுமான நிறுவனப் பங்குகளின் நிஃப்டி ரியால்டி குறியீடு அந்த ஆண்டை இறக்கத்தில்தான் முடித்தது. முந்தைய ஏற்றத்திலேயே எதிர்பார்ப்பெல்லாம் விலையாகியிருந்தது.

இதைவிடக் கடுமையான பாடம் டிஎல்எஃப் என்ற கட்டுமான நிறுவனம். 2007இல் 525 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2008 ஜனவரியில் ஆயிரத்தைத் தாண்டிய விலை, அடுத்த ஆண்டு 200க்கும் கீழே கிடந்தது. மறுபடி 525ஐத் தொட 2023 வரை ஆனது. நிறுவனம் அழிந்துவிடவில்லை, நிலமும் இருந்தது. கடன் சுமையும், வாங்கியவர்கள் கொடுத்த விலையும்தான் அத்தனை வருடங்களைத் தின்றன. இரண்டு வருடத்தில் மகள் கல்யாணத்துக்கு வேண்டிய பணம் இந்தப் பக்கமே வரக் கூடாது.

இந்தத் துறையில் லாபக் கணக்கைப் படிப்பதிலும் சூட்சுமம் உண்டு. பொதுவாக, சாவியைக் கொடுத்த பிறகே விற்பனை கணக்கில் ஏறும். இன்று காட்டும் லாபம் மூன்று நான்கு வருடத்துக்கு முன்பு பதிவான வீடுகளுடையது. அதனால் புதிய முன்பதிவு எவ்வளவு, அதில் கைக்கு வந்த வசூல் எவ்வளவு, கடன் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற மூன்றையும் காலாண்டுதோறும் பார்க்க வேண்டும். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லும் ரெரா என்ற மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் பெரிய பாதுகாப்புதான். ஆனால், அது வீடு வாங்குபவருக்கானது. பங்கு வாங்கியவருக்கு அல்ல.

இந்த நிறுவனங்கள் பரமக்குடியில் கட்டவில்லை. மும்பையிலும் குருகிராமிலும் பெங்களூரிலும் கட்டுகின்றன. ஐடி வேலைச் சந்தை சுணங்கினால் முன்பதிவும் சுணங்கும். ஏற்கெனவே வீடும் மனையுமாகச் சொத்தெல்லாம் மண்ணில் கிடக்கும் குடும்பம், பங்குக்கு ஒதுக்கும் பணத்திலும் பெரும்பகுதியைக் கட்டுமானத்திலேயே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்தில் ஒரு பங்கு போதும். அதையும் கடன் குறைந்த நிறுவனத்தில், விலை இறங்கிப் பேச்சு அடங்கிய நேரத்தில் போடலாம்.