காகமும் பனம்பழமும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலே, மகாவலி ஆற்றை அடுத்த வில்கமுவைப் பகுதியில், நாட்டுக்குச் சோறிடும் விவசாயிகள் சிறுநீரகம் பழுதடைந்து நலிகின்றனர். நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, காரணம் இன்னதென்று துணியவும் முடியவில்லை. 1990களில் அனுராதபுரத்திலே மருத்துவர்களின் கவனத்துக்கு வந்த இந்நோய், பொலன்னறுவை, பதுளை, மாத்தளை மாவட்டங்களிலும் குடும்பங்களைக் குலைத்து வருகின்றது.

2014ஆம் ஆண்டிலே ஆய்வாளர் சிலர் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கிளைபோசேட் என்னும் களைநாசினி, கடின நீருடனும் உலோகங்களுடனும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதே அது. அரசியல் மேடைக்கு வந்தபோது அந்தக் ‘கூடும்’ என்ற சொல் மறைந்துவிட்டது. 2015இல் அரசாங்கம் அதனைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. 2022இல் தடையையே நீக்கியது. தடுத்தபோதும் நீக்கியபோதும் நோயின் காரணம் நிறுவப்பட்டிருக்கவில்லை.

களைநாசினி பெருகிய காலத்திலேயே நோயும் பெருகிற்று என்பர். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தால், காகமே வீழ்த்தியது என்று தீர்ப்புக் கூறலாமா? அதே காலத்திலே குழாய்க்கிணறுகளும் பெருகின. பரிசோதனைகளும் பெருகின, முன்னர் பெயரறியா நோயால் மாண்டிருக்கக்கூடியோர் இன்று கணக்கிலே சேர்கின்றனர்.

எமது மாவட்டத்தையே நோக்குவோம். இரத்தோட்டை, உக்குவளை மலைத் தோட்டங்களிலும் களைநாசினி தெளிக்கப்பட்டே வந்தது. அங்கே இந்நோய் வில்கமுவையிற்போல் பரவவில்லை. ‘மலைநீர் மென்னீர், கடின நீர் சேர்ந்தாலன்றோ நஞ்சு?’ என்று விடை வரும். நன்று. அப்படியாயின், கடின நீரும் விவசாய இரசாயனங்களும் மலிந்த யாழ்ப்பாணத்திலே இந்நோய் ஏன் இவ்வாறு தலைவிரித்தாடவில்லை? மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இதனையொத்த நோய் உண்டு. கொடும் வெயிலிலே போதிய நீரின்றி உழைப்பதை அங்குள்ள ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் காரணம் தெளியாத சிறுநீரக நோய் மக்களை வாட்டுகின்றது. காரணம் ஒன்றா, பல சேர்ந்தனவா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இவ்வாறு கேட்பதனால் நாம் கம்பனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ணவேண்டாம். குற்றம் நிரூபிக்கப்படாமையால் களைநாசினி அமுதமாகிவிடாது. ஐயத்துக்குரிய பொருளை முன்னெச்சரிக்கையாகத் தடுக்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. ஆனால், ஐயத்தை ஐயமென்றே மக்களிடம் கூறவேண்டும். தடையின் சுமையைத் தாங்குவோருக்கு மாற்றுவழி செய்யவேண்டும். களை மண்டிய மலைச்சரிவிலே முதுகொடிய உழைப்பதும், விளைச்சல் குன்றினால் முதலில் வயிறு காய்வதும் தோட்டத் தொழிலாளியே அன்றோ?

குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்ற நினைப்பு இன்னுமொரு கேட்டையும் விளைக்கும், தேடுதல் நின்றுவிடும். தவறான ஒருவனைச் சிறையிட்ட ஊரிலே உண்மைத் திருடன் நிம்மதியாக உறங்குவான். நோயின் மூலத்தை ஆராய்ந்தறிந்த பின்னரே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய நெறி.

ஆயின், மூலம் தெளியும்வரை கைகட்டி நிற்பதா? அன்று. கடினத்தன்மையும் புளோரைடும் மிகுந்த கிணற்றுநீரைக் குடிக்கும் கிராமங்களுக்குத் தூய குடிநீர் வழங்க எந்த ஆய்வின் முடிவுக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. காரணம் எதுவாயினும் நன்னீரால் எவருக்கும் தீங்கில்லை. நோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் பரிசோதனையும், முற்றியோருக்கு அருகிலேயே இரத்தச் சுத்திகரிப்பு வசதியும் வேண்டும். நோயுற்ற கிராமங்களையும் நோயற்ற கிராமங்களையும் ஒருசேரப் பல்லாண்டு தொடர்ந்து ஆராயவேண்டும். முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கவேண்டும்.

வில்கமுவை விவசாயி கேட்பது காகத்தின் மீது கல்லெறியும் வீரத்தையன்று. தன் பிள்ளைகளாவது இந்நோய்க்கு இரையாகாதிருக்க ஒரு வழியையே கேட்கின்றான். அதனைக் காட்டுவது ஆட்சியாளரின் கடன்.