பொறிக்கும் புரியட்டும் நம் பேச்சு

“இனித் தெலுங்கு கற்பானேன்? நான் தமிழில் பேசுவேன். பொறி தெலுங்கில் சொல்லிவிடும்!” என்றார் நண்பர் ஒருவர், கச்சிபௌலித் தேநீர்க் கடையில்.

வெறும் கனவன்று அது. 2023 டிசம்பர் 17இல் காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசினார். காதில் கருவி பொருத்தியிருந்தோர் உடனுக்குடன் தமிழில் கேட்டனர். மைய அரசின் ‘பாஷிணி’ செய்த பணி அது. அத்திட்டத்தில் பங்குகொண்ட நிறுவனங்களுள் ஒன்று, அதே கச்சிபௌலியில் உள்ள ஐ.ஐ.ஐ.டி.

பொறி எப்படிப் பெயர்க்கிறது? பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிறது, எழுத்தை மொழிபெயர்க்கிறது, பெயர்த்ததைக் குரலாக்குகிறது. முதற்படியில் இடறினால், பிழையையே அழகிய குரலில் சொல்லும்!

தமிழும் தெலுங்கும் வினையை இறுதியில் வைப்பவை. “நான் நாளைக்கு ஊருக்கு...” என்று தொடங்கியவன் ‘போவேன்’ என்பானா, ‘போகமாட்டேன்’ என்பானா? ஆங்கிலத்தில் பெயர்க்கும் பொறி அதுவரை காத்திருக்க வேண்டும். தெலுங்குக்கோ சொல் வரிசை பெரும்பாலும் ஒத்துப்போகும். அவ்வகையில் நமக்கு வாய்ப்பு நன்றே.

ஆனால், எந்தத் தமிழ்? ‘வருகிறார்கள்’ என்று எழுதுகிறோம். பேசும்போதோ, நெல்லையில் ‘வாராவ’, சென்னையில் ‘வந்துனுக்கீறாங்க’! பொறி மொழிபெயர்ப்பைக் கற்பதோ பெரும்பாலும் எழுத்தில் கிடைக்கும் இணை வாக்கியங்களிலிருந்து. மேடைப் பேச்சு அதற்கு எளிது. வீட்டுப் பேச்சு கடினம்.

இந்நகர மருத்துவமனையில், தன் மகனுக்கு என்ன நேர்ந்தது என்று பதறிச் சொல்லும் தமிழ்த்தாய் இலக்கணத் தமிழிலா பேசுவாள்? மேடைக்குப் பயன்பட்டு அவளுக்குப் பயன்படாத பொறி, யாருக்காக?

குறை பொறியின் மீது மட்டுமா? கற்பிக்காததை அது எவ்வாறு அறியும்? பாஷிணியில் ‘பாஷாதான்’ என்னும் மொழிக்கொடைப் பகுதி இருக்கிறது. தந்த வாக்கியத்தைப் படித்து யாரும் குரல் அளிக்கலாம். அளிப்போம். ஆனால், படித்துக் காட்டும் குரல் மட்டும் போதாது. நாம் பேசும் பேச்சே பதிவாக வேண்டும். ஊருக்கொரு தமிழ் பேசும் நாம் ஒரே வளாகத்தில் கூடியிருக்கிறோம். நம் சங்கம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கட்டும். இசைவு தருவோரின் இயல்பான உரையாடலைப் பதிந்து, எழுத்தாக்கி, ஆய்வாளர்க்கு வழங்கட்டும்.

நண்பரே, தெலுங்கையும் கற்றுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாருடன் சிரித்துப் பேசப் பொறி எதற்கு? ஆனால், கற்க நேரமில்லாமல் வந்து நிற்கும் அந்தத் தாய்க்கு உங்கள் குரலைக் கொடுங்கள்.